வஜ்ஜிரம் போட்ட வயலின்

(வேலூரில் இசை மாணவர்களும் பெற்றோரும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். வாசிக்கச் சொல்லாமல் பேசச் சொன்னதால் தைரியமாக மேடை ஏறிவிட்டேன். மேசையில் இரண்டு வயலின் வைத்திருக்கிறேன். ஒன்று முழுசு, இன்னொன்றின் மேல்பலகையைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறது. முன்வரிசைப் பிள்ளைகள் அப்போதிருந்தே அதைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். கழற்றிவிட்டேனே என்று யாரும் பதற வேண்டாம், கழற்றி மாட்டுவதற்கு ஏற்ற மாதிரிதான் இந்த வாத்தியத்தையே செய்கிறார்கள். நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான். 200 வருஷமாக வயலினை வாசிக்கிறோம், உலகமே கேட்கிற மாதிரி வாசிக்கிறோம், ஆனால் அதைத் திறக்கவும் மூடவும் தெரிந்த கைகளை நாம் வளர்க்கவில்லை, அதற்கு வேண்டிய சரக்கு நம்ம பக்கத்திலேயே கிடைத்தும்கூட.

முதலில் ராவணன் விஷயத்தை முடித்துவிடுவோம். வயலினைக் கண்டுபிடித்தது ராவணன், திருடிக்கொண்டு போனது வெள்ளைக்காரன் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒன்று சுற்றுகிறது. வில் போட்டு வாசிக்கும் வாத்தியங்கள் ஆசியாவில் பழசுதான், ராஜஸ்தானில் இன்றும் ராவணஹத்தா வாசிக்கிறார்கள், அரபு நாட்டு ரபாப் வழியாக அந்தப் பழக்கம் ஐரோப்பாவுக்குப் போனது என்பதும் சரி. ஆனால் இந்த இடுப்பு, இந்த நாலு தந்தி, எஃப் எழுத்து வடிவத்தில் இந்த இரண்டு துளை, இதெல்லாம் சேர்ந்த உருவம் 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் வந்தது. கிரெமோனா என்ற ஊரில் ஆண்ட்ரியா அமாட்டி அதை நிலைநிறுத்தினார். இதை ஒத்துக்கொள்வதால் ராவணனுக்கும் குறைவில்லை, நமக்கும் குறைவில்லை.

சரி, மரத்துக்கு வருவோம். மேல்பலகை ஸ்ப்ரூஸ். குளிர்ந்த மலையில் மெதுவாக வளர்கிற மரம், அதனால் ரேகைகள் நெருக்கமாக இருக்கும், எடை குறைவு ஆனால் விறைப்பு அதிகம், சத்தத்துக்கு அந்த இரண்டும் சேர்ந்து வேண்டும். அடிப்பலகை, பக்கப் பட்டை, கழுத்து, தந்திகளைத் தாங்கி நிற்கிற குதிரை எல்லாம் மேப்பிள் மரம். விரல் ஓடுகிற பலகை கருங்காலி, தந்தி உரசி உரசித் தேயாமல் தாங்குவதற்கு அதுதான். (இப்போது கருங்காலி மாலை போடாத கழுத்தையே பார்க்க முடியவில்லை, அத்தனையும் கருங்காலிதானா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.) மரத்தை அறுத்த கையோடு வேலையில் இறங்க முடியாது, வருஷக்கணக்கில் காய வேண்டும். பிறகு ஆப்பு வடிவத் துண்டை நடுவில் பிளந்து, விரித்து, விளிம்போடு விளிம்பு ஒட்டுவார்கள். அதனால்தான் பல வயலின்களின் முதுகில் வரிகள் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எதிரெதிராக ஓடுகின்றன.

இந்த வயிற்று வளைவைப் பார்த்துவிட்டு, பலகையை ஆவியில் காட்டி வளைத்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கனமான பலகையிலிருந்து செதுக்கி எடுத்தது. உளியில் ஆரம்பித்து, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன இழைப்புளிக்குப் போய், கடைசியில் மெல்லிய தகட்டால் சுரண்டிச் சுரண்டி, மேல்பலகையை ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். அடிப்பலகை நடுவில் 4, 4.5 இருக்கும், ஓரத்துக்குப் போகப் போக 2.5 வரை இறங்கும். பக்கப் பட்டை 1 மில்லிமீட்டர்தான், அதைத்தான் நனைத்துச் சூடான இரும்பில் வைத்து வளைக்கிறார்கள். விளிம்பைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதே, மலிவான வயலினில் அது வெறும் பெயின்ட். நல்ல வயலினில் பள்ளம் வெட்டிப் பதித்த மர இழை. ஓரத்தில் அடிபட்டு விரிசல் விட்டால் அந்த இழையைத் தாண்டி உள்ளே ஓடாது. ஒருவர் தனியாகக் கையாலேயே ஒரு வயலின் செய்தால் 200 மணி நேரம் போல ஆகும்.

உள்ளே இரண்டு சங்கதி. தடித்த தந்திப் பக்கம் மேல்பலகையின் அடியில் நீளவாக்கில் ஒட்டிய ஒரு கட்டை, பேஸ் பார். மறுபக்கம், குதிரையின் காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் நிற்கிற குச்சி, சவுண்ட் போஸ்ட். இந்தக் குச்சிக்குப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. நாலு தந்தியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, அதில் ஒரு பங்கு குதிரை வழியாகக் கீழே அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில்தான் அது விழாமல் நிற்கிறது. அதனால் தந்தி மாற்றும்போது நாலையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள், ஒன்றை மாட்டிவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். உள்ளே ஏதோ உருள்கிறது என்று பழுதுபார்க்க என்னிடம் கொண்டு வருகிற வயலின்களில் பாதிக்குமேல் இந்தக் கதைதான்.

இப்போது பசை. நம்ம ஊர் இங்கேதான் உள்ளே வருகிறது. வயலினை ஒட்டுவது வஜ்ஜிரம். பழைய ஆசாரிகளுக்குத் தெரியும், மாட்டுத் தோலின் கழிவைக் காய்ச்சி எடுக்கிற பசை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை நெடுக தோல் ஷாப்புகள், அதாவது தோல் பதனிடுகிற ஆலைகள் இருக்கிற பகுதி இது, தோலைச் சுரண்டும்போது விழுகிற சவ்வும் வெட்டித் தள்ளிய துண்டும் பசைக்குத்தான் போகும். (பாலாற்றுக்கு அந்தத் தொழில் என்ன செய்தது என்பது இன்னொரு நாள் கோபத்தோடு பேச வேண்டிய விஷயம்.) வஜ்ஜிரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி போல இளக்க வேண்டும், கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். கிரெமோனாவில் நானூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் செய்ததும் இதையேதான்.

இதைவிட வலுவான பசைகள் வந்த பிறகும் ஏன் விடவில்லை? மேல்பலகையை வேண்டுமென்றேதான் சற்றுத் தண்ணியான வஜ்ஜிரத்தில் ஒட்டுகிறார்கள். வெயிலிலும் ஈரத்திலும் மரம் சுருங்கி விரியும்போது எங்கேயாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும், மெயின் போர்டில் ஃபியூஸ் ஒயர் போகிற மாதிரி இதில் ஒட்டு திறந்துகொள்கிறது, பலகை தப்பிக்கிறது. திறந்த இடத்தில் மறுபடி வஜ்ஜிரம் விட்டுக் கிளாம்ப் போட்டால் முடிந்தது. உள்வேலை பார்க்க வேண்டுமானால் மெல்லிய கத்தியை ஒட்டுக்குள் மெதுவாக ஓட்டி மேல்பலகையை முழுசாக எடுத்துவிடலாம். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போட்ட வயலினில் இது நடக்காது. அடுத்த கோடையில் மரம் இழுக்கும், ஒட்டு அசையாது, எஃப் துளையிலிருந்து கீழே வரை பலகை பிளக்கும். நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஒட்டுகிறார்கள், அதுதான் வருத்தம்.

அப்புறம் ஸ்ட்ராடிவேரியஸ். "எங்க தாத்தா வயலினுக்குள்ள ஸ்ட்ராடிவேரியஸ்னு எழுதியிருக்குங்க, என்ன விலைக்குப் போகும்?" என்று குடியாத்தத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை, 2011இல் ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஏலம் போயிருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் மார்க்நாய்கிர்ஷன், பிரான்ஸில் மிர்கூர் போன்ற ஊர்களில் 19ஆம் நூற்றாண்டில் வயலின் ஆயிரக்கணக்கில் செய்து குவித்தார்கள், ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் பலகை, வேறொரு இடத்தில் பூட்டுவது என்று. எந்த மாடலைப் பார்த்துச் செய்தோம் என்பதற்காக உள்ளே ஸ்ட்ராடிவேரியஸ் லேபிளை ஒட்டினார்கள். நம் தாத்தாக்கள் வாங்கியதில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை. அதற்காகத் தூக்கிப் போடாதீர்கள், அவற்றில் நல்ல சாரீரம் உள்ளவை உண்டு. ஸ்ட்ராடிவேரியஸ் மர்மத்தையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் பெயர்பெற்ற 10 தனிக்கலைஞர்களுக்குக் கண் மறைத்து, பழைய இத்தாலிய வயலின் 6, புதியது 6 கொடுத்தார்கள். அவர்களில் 6 பேர் எடுத்தது புதியது.

கப்பலில் மலிவாக வந்து இறங்கியதால்தான் நாம் செய்யக் கற்கவில்லை என்பது என் எண்ணம். தஞ்சாவூரில் பலா மரத்தில் வீணை குடைகிற கைகள் இருக்கின்றன, மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் (அவர்கள் பெயரை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை என்பது வேறு), வயலினுக்கு மட்டும் கடைக்குப் போனோம்.

வாசிப்பு வந்த கதை தெரிந்திருக்கும். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர், பிறந்தது 1786இல். சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் முதலியார் ஆதரவில் குடும்பம் இருந்தபோது, சென்னைக் கோட்டையில் வாசித்த ஆங்கிலேய பேண்டைக் கேட்டு, ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். இசையிலும் நாட்டியத்திலும் பெயர்பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வரில் வடிவேலுவுக்கு 1834இல் திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தில் செய்த வயலினே கொடுத்தார். பாலுசாமிக்கு இருபது வயது இருக்கும்போது, 1806 ஜூலை 10 அன்று, இதோ நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். தோல் வைத்த புதுத் தலைப்பாகை போடு, நெற்றியில் குறி இடாதே, தாடியை எடு என்று உத்தரவு போட்டதற்கு வந்த பதில் அது. வயலினை வாசி என்று யாரும் உத்தரவு போடவில்லை. பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டோம்.

எடுத்துக்கொண்டதும் மரத்தில் கை வைக்கவில்லை, வாசிக்கிற விதத்தை மாற்றித் தரையில் உட்கார்ந்துகொண்டோம். சுருள்தலை வலது பாதத்தின் மேல், அடிப்பக்கம் மார்பில். இதனால் வயலினைத் தாங்குகிற வேலை இடது கைக்கு இல்லாமல் போகிறது, கை முழுக்க, ஸ்வரங்களை அசைத்து இழைக்கிற கமகத்துக்குக் கிடைக்கிறது, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குகிற ஜாரு ஒன்றை மேலிருந்து கீழே வரை ஒரே வழுக்கில் கொண்டுவரலாம். சுருதியும் மாறியது. ஐரோப்பியர்கள் நாலு தந்தியையும் ஒரே இடைவெளியில் கூட்டுகிறார்கள், நாம் ஸ ப ஸ ப என்று, பாடுகிறவரின் கட்டைக்கு, அதாவது அவர் பாடும் சுருதி அளவுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக் கூட்டுகிறோம். குரலைப் போல இழுத்து நிற்கிற நாதம் என்பதால் பக்கவாத்தியத்தில் வீணையின் இடத்தை வயலின் பிடித்தது. மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று மைசூர் சௌடையா தந்திகளில் மூன்றை இரட்டித்து ஏழாக்கினார். பக்கத்தில் உட்கார்ந்த வாத்தியம் நடுவில் வந்து உட்கார்ந்ததில் வேலூருக்கும் பங்கு உண்டு: துவாரம் வெங்கடசாமி நாயுடு முதன்முதலில் தனி வயலின் கச்சேரி செய்தது 1938இல் இந்த ஊரில்தான் என்று சொல்கிறார்கள். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் தியாகராஜரின் கீர்த்தனைகளை எழுதிக் காப்பாற்றிய பகுதி இது, அதனால் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் இதே வட ஆற்காட்டில் கூத்து மேடைக்கு வயலின் போகவில்லை. ஆர்மோனியம் போனது, முகவீணை என்ற சின்ன ஊதுகுழல் இருந்தது. விடிய விடியத் திறந்த வெளியில் நடக்கிற கூத்துக்கு வயலினின் சத்தம் எட்டாது என்பது ஒரு காரணம். யார் வீட்டுப் பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது இன்னொரு காரணம், அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

பெற்றோருக்கு வேலையான விஷயம். வேலூர் வெயிலைப் பற்றி உங்களிடம் நான் சொல்லவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வயலினை வைத்தால் வஜ்ஜிரம் இளகிவிடும். ஷீட் கூரைக்குக் கீழே பீரோ மேலும் வைக்காதீர்கள். கோடையில் தந்தியை முறுக்குகிற பிருடை நழுவினால் கொஞ்சம் சாக்பீஸ் தடவுங்கள், மழைக்காலத்தில் இறுகிக்கொண்டால் பலம் கொடுத்துத் திருகாமல் மெதுவாகக் கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்புங்கள்.

தச்சு வேலையில் ஆர்வமுள்ள பையனோ பெண்ணோ யாராவது இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. வீட்டில் பழைய வயலின் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள், லேபிளைப் பார்த்து விலை சொல்ல மாட்டேன், ஒட்டைத்தான் பார்ப்பேன். யாராவது வெள்ளைப் பசை போட்டிருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கத்தியை உள்ளே விட்ட பிறகு தெரிந்தால் எனக்கும் கஷ்டம், பலகைக்கும் கஷ்டம்.