ஊரைக் கொளுத்திய ஒல்கா எப்படிப் புனிதர் ஆனார்?

கீவ் அரசி ஒல்காவைப் பற்றிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "புருஷனைக் கொன்றவர்களை உயிரோடு புதைத்து, ஊரையே கொளுத்திய பெண்ணை ஆர்த்தடாக்ஸ் சபை எப்படிப் புனிதர் என்று கும்பிடுகிறது?"

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 945இல் ஒல்காவின் கணவர் இகோர், ட்ரெவ்லியர்கள் என்ற ஸ்லாவிய இனத்தாரிடம் கப்பம் வாங்கிக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் ஆசை விடவில்லை, கொஞ்சம் ஆட்களோடு மறுபடியும் போனார். பட்டியில் ருசி கண்ட ஓநாயை விட்டுவைத்தால் மந்தையே மிஞ்சாது என்று அவர்கள் கொன்றுவிட்டார்கள். அதோடு நிற்காமல், "எங்கள் இளவரசனைக் கட்டிக்கொள்" என்று ஒல்காவிடம் பெண் கேட்டும் வந்தார்கள்.

வந்தவர்களைப் படகோடு தூக்கிவரச் செய்து குழியில் தள்ளி மூடினார். அடுத்து வந்த பெரிய மனிதர்களைக் குளித்துவிட்டு வரச் சொல்லி, குளியல் வீட்டோடு எரித்தார். கணவருக்குக் கருமாதி விருந்து வைத்து, குடித்து மயங்கியவர்களில் 5,000 பேரை வெட்டச் செய்தார். கடைசியாக இஸ்கொரோஸ்தென் நகரம். முற்றுகை நீண்டுகொண்டே போனது. "வீட்டுக்கு மூன்று புறா, மூன்று குருவி கொடுங்கள், போதும்" என்றார். ஊர்க்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலம் ஒவ்வொரு பறவையின் காலிலும் கந்தகத்தைத் துணியில் முடிந்து, பற்றவைத்துப் பறக்கவிட்டார்கள். புறா மாடத்துக்குப் போனது, குருவி கூரை இறவாரத்துக்குப் போனது.

இதையெல்லாம் அப்படியே நடந்ததாக நான் எடுத்துக்கொள்வதில்லை. எழுதியவர்கள் 150 வருஷத்துக்கு மேல் பிந்திய கீவ் துறவிகள். நார்வே அரசர் ஹரால்டு சிசிலியில் ஒரு ஊரைப் பிடித்ததற்கும் இதே பறவைக் கதையைச் சொல்வார்கள். அப்புறம், படகு, குளியல், விருந்து, தீ நான்கையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சாவுச் சடங்குகள்தான் இவை. பெண் கேட்டு வந்தவர்களுக்கு அவர் சாவுச் சடங்கு செய்துகொண்டிருக்கிறார், அவர்களுக்குத்தான் அது புரியவில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். இந்தப் பழிகள் எல்லாம் அவர் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்பு நடந்தவை. சபை இதற்காக அவரைப் புனிதர் ஆக்கவில்லை, இதை மறைக்கவும் இல்லை. சொன்னவர்களே துறவிகள்தானே!

பிறகு பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள் போய் ஞானஸ்நானம் பெற்று எலேனா ஆனார் என்கிறது அந்தத் துறவிகள் எழுதிய வரலாற்றுக் குறிப்பு. பேரரசர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டதாகவும், அவரையே ஞானத்தகப்பன் ஆக்கி, ஞானமகளைக் கட்டக் கூடாதே என்று சொல்லி ஒல்கா தப்பித்ததாகவும் ஒரு கதை உண்டு. பேரரசரின் மனைவி அப்போது உயிரோடுதான் இருந்தார், அவர் பெயரும் எலேனா! அரண்மனைச் சடங்குப் புத்தகம் இதைவிட நம்பகமானது. அதில் ஒல்காவுக்குத் தங்கக் கிண்ணத்தில் 500 வெள்ளிக் காசு கொடுத்த கணக்கும், கூட வந்த கிரிகோரி என்ற பாதிரியார் பெயரும் இருக்கின்றன. ஞானஸ்நானம் பற்றி ஒரு வரி இல்லை.

மகன் ஸ்வியாதஸ்லாவ் மதம் மாறவில்லை. "என் வீரர்கள் சிரிப்பார்கள்" என்றான். அவர் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆனால் பிறகு பேரன் விளாதிமிர் எந்த மதத்தை ஏற்பது என்று யோசித்தபோது, "கிரேக்கர்களின் கிறிஸ்தவ மதம் கெட்டதாக இருந்தால் உங்கள் பாட்டி ஏற்றிருப்பாரா?" என்று பிரபுக்கள் கேட்டார்களாம். 988இல் கீவ் ஞானஸ்நானம் பெற்றது. அப்போஸ்தலர்களுக்கு இணையானவர் என்ற பட்டம் ஒல்காவுக்கு வந்தது இந்த வழியில்தான்.

பழைய நாட்காட்டிப்படி அவர் திருநாள் ஜூலை 11, நம் காலண்டரில் 24. அவர் 969இல் இறந்த நாள் அது. சாகும் முன் மகனிடம் ஒன்று சொல்லிவைத்திருந்தார்: தனக்குக் கருமாதி விருந்து வைக்கக் கூடாது. கூட இருந்த பாதிரியார் ஜெபித்து அடக்கம் செய்தார்.