நாற்காலியா, ஆற்றங்கரையா?

நடுவர் அவர்களுக்கும், கேரளத்துச் சித்தூரில் தமிழ் கேட்கத் திரண்டு வந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

கவிஞர் சிற்பி பாலசுப்ரமணியத்தை உருவாக்கியது பேராசிரியர் நாற்காலியா, பிறந்த தமிழக–கேரள எல்லை மண்ணா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் நாற்காலியின் வயதைக் கூட்டிச் சொன்னார்: பொள்ளாச்சிக் கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல், பிறகு பாரதியார் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவர். கணக்கு சரி. அத்தகைய நாற்காலிகளில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்தார்கள். ஓய்வூதியம் எல்லோருக்கும் வந்தது, கவிதை வரவில்லையே!

1936-ல் அவர் பிறந்த ஊர் ஆத்துப்பொள்ளாச்சி. பெயரிலேயே ஆறு ஓடுகிறது. 2002-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘ஒரு கிராமத்து நதி’ என்ற அவரது கவிதை நூலுக்குக் கிடைத்தது. அந்த ஊர் ஆறான ஆழியாற்றின் நீர்தான் மேற்கே வந்து நம் சித்தூர்ப் புழையில், அதாவது சித்தூர் ஆற்றில், சேர்கிறது. மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் குருமடம் இருக்கும் கரையை நனைக்கிறது. எல்லையிலுள்ள மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று அளந்து விடுகிறார்கள், அதற்கே ஆயிரம் பேச்சுவார்த்தை. கவிதையாக வந்த தண்ணீருக்கு மடை ஏது?

சிற்பி பங்குகொண்ட வானம்பாடி என்ற புதுக்கவிதை இயக்கத்தில் கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நானே எதிரணிக்குத் தருகிறேன். அவர்களுக்கும் ஏதாவது வேண்டுமே.

லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் மலையாள நாவல் ‘அக்னிசாட்சி’யைத் தமிழாக்கியதற்கும் சிற்பி அகாதெமி விருது பெற்றார். மலையாளம் எங்கே கற்றார்? சிறுவயதில், மலையாள வழிப் பள்ளியில். “அதுவும் வகுப்பறைதானே” என்று எதிரணி எழப் பார்க்கிறது. உட்காருங்கள் ஐயா. அது மாணவன் பெஞ்ச். அந்த பெஞ்சும் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் கிடந்தது.

சென்ற வாரம் என் பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் “பாட்டி, வெள்ளம்!” என்றாள். மதுரையிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு, எங்கே கரை உடைந்தது என்று வாசலுக்கு ஓடினார். குழந்தை மலையாளத்தில் கேட்டது ஒரு டம்ளர் தண்ணீர். இப்படி நாளும் தடுமாறும் வீட்டில் வளரும் பிள்ளை, ஒரு சொல்லை இரண்டு முறை திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. எந்த முதுகலைப் பாடத்திட்டத்தில் அது இருக்கிறது?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எதிரணிக்கு ஒரே கேள்வி: விருது வாங்கிய புத்தகத்துக்குப் பேராசிரியர் ‘ஒரு கல்லூரி வராந்தா’ என்று ஏன் பெயர் வைக்கவில்லை?