அயர்ன்ரத் கோட்டைத் துரோகி யாரு? தியரி எல்லாத்தையும் இன்னைக்குப் பேசிடலாம்

வணக்கம் மக்களே! கடலூர்லேர்ந்து பேசறேன். இன்னைக்கு ஒரு பழைய கேமப் பத்திப் பேசப் போறோம். டெல்டேல் கம்பெனி பண்ண கேம் ஆஃப் த்ரோன்ஸ். டிவி சீரியல் இல்ல, அந்த உலகத்துல நடக்கிற வேற ஒரு குடும்பத்தோட கதை. முழுக்க ஸ்பாய்லர்தான், அதனால ஆடாதவங்க இப்பவே நிறுத்திட்டு, ஆடி முடிச்சிட்டு வாங்க. நெஜமாவே சொல்றேன், தெரியாம போய் ஆடினாத்தான் அந்த அஞ்சாவது எபிசோட் வலிக்கும்.

மொட்ட மாடியில உக்காந்து பேசறேன், கடல் காத்து மைக்ல அடிக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல கதைய வேகமா சொல்லிடறேன். மொத்தம் 6 எபிசோட். முதல் எபிசோட் 2014 டிசம்பர்ல வந்துது, கடைசி எபிசோட் 2015 நவம்பர்ல. வடக்குல ஃபாரெஸ்டர்னு ஒரு குடும்பம். அயர்ன்வுட்னு ஒரு மரம், இரும்பு மாதிரி உறுதியானது, அந்தக் காடுதான் அவங்க சொத்து. அவங்க கோட்டை அயர்ன்ரத். பக்கத்துலயே வைட்ஹில்னு பரம்பரை எதிரி. ரெட் வெட்டிங்னு ஒரு கல்யாண விருந்துல நடக்கிற படுகொலை, அதுல குடும்பத் தலைவர் கிரெகர் செத்துப் போறாரு. பெரிய பையன் ராட்ரிக்கும் செத்துட்டான்னு செய்தி வருது. பதவி, இன்னும் மீசை கூட மொளைக்காத இன்னொரு பையன் ஈதன் தலையில வந்து விழுது. அந்த ஈதனா நாமதான் முடிவெடுக்கணும்.

அவன் எடுக்க வேண்டிய பெரிய முடிவுல ஒண்ணு, சென்டினல் யாருங்கறது. சென்டினல்னா அந்த வீட்டோட வலது கை, தலைவருக்கு அடுத்த ஆளு. போட்டியில ரெண்டு பேரு. ஒருத்தர் டங்கன் டட்டில், கோட்டை நிர்வாகம் பாக்கறவரு, நிதானமா பேசறவரு, சண்டை வேணாம்னு சொல்றவரு. இன்னொருத்தர் சர் ராய்லண்ட் டெகோர், படைப் பயிற்சி குடுக்கறவரு, எதுக்கெடுத்தாலும் வாள எடுன்னு சொல்றவரு. யாரோ ஒருத்தருக்குக் குடுக்கறோம். கொஞ்ச நேரத்துல ராம்சே ஸ்னோங்கற கொடூரன் வந்து ஈதன் கழுத்துல கத்திய எறக்கிட்டுப் போயிடறான். அந்த அதிர்ச்சியில, பதவி யாருக்குக் குடுத்தோம்ங்கறதே நமக்கு மறந்து போயிடும். கதைய அமைச்சவங்க கெட்டிக்காரத்தனமே அங்கதான் இருக்கு.

அப்புறம் ராட்ரிக் உயிரோட திரும்பி வர்றான், கை கால் ஒடிஞ்சு. அவன் உள்ளுக்குள்ள என்ன திட்டம் போட்டாலும் எதிரி லட் வைட்ஹிலுக்குத் தெரிஞ்சிடுது. நாலாவது எபிசோட் வாக்குல நமக்கும் புரிஞ்சிடும், சபையில உக்காந்திருக்கிற யாரோ ஒருத்தர் தகவல் குடுக்கறாங்கன்னு.

நாலாவது எபிசோட் வந்தது 2015 மே 26. அஞ்சாவது ஜூலை 21. நடுவுல எட்டு வாரம். இந்த எட்டு வாரம்தான் தியரிங்களோட பொற்காலம்! அப்போ நாங்க காலேஜ் பசங்க. மஞ்சக்குப்பத்துல ஒரு நண்பன் வீட்டுல மட்டும்தான் கேம் ஓடற மாதிரி கம்ப்யூட்டர். எல்லாரும் அங்கதான். ஒவ்வொரு சாய்ஸுக்கும் கை தூக்கி ஓட்டுப் போடுவோம், டைமர் ஓடிக்கிட்டிருக்கும், கத்தல்தான்.

மேஸ்டர் ஆர்டெங்க்ரின் மேலதான் நெறைய பேருக்குச் சந்தேகம். மேஸ்டர்னா கோட்டையில இருக்கிற படிச்ச ஆலோசகர். காரணம் இருக்கு. கோட்டைக்கு வர்ற கடுதாசி, போற கடுதாசி எல்லாம் மேஸ்டர் கை வழியாத்தான் போகும், கடுதாசி கொண்டு போற ராவன் பறவை அவங்க பொறுப்பு. தகவல் அனுப்ப அவரை விட வசதி யாருக்கு? தியரியா பாத்தா இதுதான் கெட்டியான தியரி. இன்னைக்கு வரைக்கும் நான் அதை மதிக்கிறேன், ஏன்னா அது முகத்த வெச்சு இல்ல, வாய்ப்ப வெச்சு யோசிக்குது.

எலிஸா அம்மா, பெத்த தாயே துரோகின்னு ஒரு கூட்டம் சொல்லிச்சு. சின்னப் பையன் ரையன் எதிரி கையில பணயமா இருக்கான், அவன காப்பாத்த எதையாவது சொல்லியிருப்பாங்கன்னு. கேக்கறப்ப மனசு ஒத்துக்கிற தியரி. ஆனா அவங்கதானே, நாடு கடத்தப்பட்ட இன்னொரு பையன் ஆஷர கூட்டிட்டு வர, தன் கூடப் பொறந்த மால்கமயே கடல் தாண்டி அனுப்பினது. அதே கையால காட்டியும் குடுப்பாங்களா? எனக்கு அது உக்காரல. தங்கச்சி தாலியான்னு ஒரு தியரி, ராட்ரிக்குக்குப் பேசி வச்ச பொண்ணு எலெய்னா க்ளென்மோர்னு ஒரு தியரி. அதெல்லாம் 'யாருமே நெனைக்காத ஆளா இருக்கணும்'ங்கற ஆசையில வந்தது. அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நாங்க கடலூர் கூட்டம், ஓட்டுப் போட்டு டங்கனுக்குப் பதவி குடுத்திருந்தோம். நெய்வேலியில ஒரு நண்பன், தனியா ஆடறவன், ராய்லண்டுக்குக் குடுத்திருந்தான். அஞ்சாவது எபிசோட் வந்துது. எங்களுக்கு ராய்லண்ட் துரோகி. தாங்க முடியல. உடனே நெய்வேலிக்குப் போன் போட்டோம். 'டேய், ராய்லண்ட் பாத்தியாடா!'ன்னு கேட்டா, 'ராய்லண்டா? டங்கன்டா துரோகி! என்னடா பேசறீங்க?'ன்னு அவன் கத்தறான். ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் ஒருத்தன் இன்னொருத்தன பொய் சொல்றான்னு நெனச்சுட்டிருந்தோம். அப்புறம்தான் விளங்கிச்சு. நீங்க யாருக்குப் பதவி குடுக்கலையோ அவருதான் துரோகி. முதல் எபிசோட்ல, ஈதன் வாயால நாம சொன்ன ஒரு பேரு. அங்கயே எழுதியாச்சு.

இத நெனச்சா எனக்கு இன்னும் சிலிர்க்குது. ஏன்னா பாருங்க, எட்டு வாரமா எல்லாரும் ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்திப் பாத்தாங்க. இவரு கண்ண திருப்பினாரு, அவரு அந்த எடத்துல மௌனமா இருந்தாருன்னு துப்பு தேடினாங்க. ஆனா ரெண்டு பேருமே துரோகியா இருக்க முடியும்னா, அந்தத் துப்பு எல்லாமே ரெண்டு பேருக்கும் பொருந்தற மாதிரிதான் வச்சிருக்க முடியும். நாலு எபிசோடும் டங்கன் நல்லவரா இருந்தாலும் சரியா வரணும், கெட்டவரா இருந்தாலும் சரியா வரணும். ராய்லண்டும் அப்படியே. அதனால திரையில இருந்த முகத்துல விடை கெடையவே கெடையாது. விடை நம்ம சேவ் ஃபைல்ல, அதாவது நம்ம முடிவு பதிவாகிற எடத்துல இருந்துது. இந்த மாதிரி கேம்ல ஒரு சாய்ஸ் எடுத்தா, மூலையில 'இவர் இத நெனவுல வச்சுக்குவாரு'ன்னு ஒரு வரி வருமே, அத பாத்துப் பாத்து நமக்கு மரத்துப் போச்சு. இங்க அந்த மனுஷன் உண்மையிலேயே நெனவுல வச்சுக்கிட்டாரு.

இதுக்கு எதிரா ஒரு வாதம் உண்டு. 'யாரு வேணா துரோகியா இருக்கலாம்னா அது கதையே இல்ல, வெறும் சுவிட்ச்'ங்கறது. நான் ஒத்துக்க மாட்டேன். யாரு வேணா இல்ல. ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் காரணம் தனித்தனியா இருக்கு.

இங்க நம்ம மாவட்டத்து விஷயம் ஒண்ணு சொல்லியே ஆகணும். காட்டுமன்னார்கோயில், வீராணம் ஏரிப் பக்கம். அங்க உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு. ராஜராஜ சோழனோட 2-ஆம் ஆட்சியாண்டு. அவரோட அண்ணன் ஆதித்த கரிகாலனக் கொன்ன துரோகிங்கன்னு பேரு போட்டே வெட்டி வச்சிருக்காங்க. சோமன், அவன் தம்பி ரவிதாசன், பரமேஸ்வரன். ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன்னு பட்டம், பரமேஸ்வரனுக்கு இருமுடிசோழ பிரம்மாதிராஜன்னு பட்டம். பட்டத்த கவனிச்சீங்களா? அரசு குடுக்கற பட்டம். அதாவது வெளியாளு இல்ல, உள்ள இருந்த பெரிய அதிகாரிங்க. அவங்களோட, அவங்க சொந்தக்காரங்களோட நிலத்தப் பறிமுதல் பண்ண கணக்குதான் அந்தக் கல்வெட்டு.

யாருன்னு கல்லு சொல்லுது. ஏன்னு சொல்லல. அந்த ஒரு காரணம் இல்லாததால ஆயிரம் வருஷம் கழிச்சும் சண்டை ஓயல. உத்தம சோழனுக்கு இதுல பங்கு இருக்கலாம்னு நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டாரு, இல்லவே இல்லன்னு சதாசிவ பண்டாரத்தார் மறுத்தாரு. பெரிய பெரிய அறிஞருங்க. நாங்க மஞ்சக்குப்பத்துல அடிச்சுக்கிட்டதும் இதே கேள்விக்குத்தான், உள்ள இருக்கிறவன் ஏன் கதவத் தொறந்து விட்டான்?

இந்தக் கேம்ல அது தலைகீழ். யாருங்கறது உங்க ஆட்டத்தப் பொறுத்து மாறும், ஏன்ங்கறது கையில இருக்கு. அதனாலதான் அது எனக்கு முழுசான கதையாப் படுது.

டங்கன் துரோகியா வர்ற ஆட்டத்த எடுத்துக்கோங்க. இந்த வீடு சண்டைக்குப் போனா அழிஞ்சிடும்னு அவரு நம்பறாரு. அவர் பேச்ச யாரும் எடுத்துக்கல, வாள எடுன்னு சொல்றவருக்குப் பதவி போச்சு. அப்போ வீட்டக் காப்பாத்தறதா நெனச்சுக்கிட்டே எதிரிகிட்ட பேசப் போறாரு. நம்ம ராமாயணத்துல வீடணன் ராவணன் சபையில எடுத்துச் சொல்றான், கேக்கல, எதிரி பக்கம் போறான். நாம அவன துரோகின்னு சொல்றோமா, நல்லவன்னு சொல்றோமா? இன்னைக்கும் பட்டிமன்றத்துல அடிச்சுக்கிறோம். டங்கனும் அதே எடத்துல நிக்கிறாரு. நெய்வேலிக்காரன் ஆட்டத்த உக்காந்து பாத்தப்ப எனக்குக் கோவமே வரல, துக்கம்தான் வந்துது.

ராய்லண்ட் துரோகியா வர்றது அந்த அளவுக்கு நிக்கலைன்னுதான் சொல்லுவேன். வைட்ஹில் பேரக் கேட்டாலே பல்ல கடிக்கிறவரு. ஒவ்வொரு ஆலோசனையிலயும் அடி, வெட்டுன்னு சொன்னவரு. அவரு போய் அவங்ககிட்டயே கைகோக்கறதுக்கு, பதவி கிடைக்காத அவமானம் போதுமான்னு கேட்டா, மனுஷனுக்கு அதுவும் நடக்கும்தான். காலமெல்லாம் ஒரு வீட்டுக்கு ஒழச்சவன, எல்லாரும் பாக்க ஒதுக்கினா அவன் மனசு என்ன ஆகும்? ஆனா அந்த எடத்துக்கு அவர கொண்டு வர இன்னும் ரெண்டு காட்சி வேணும். அத எழுதாம விட்டுட்டாங்க.

டங்கன் பக்கமும் ஒரு ஓட்டை சொல்லுவாங்க. சாகறப்ப கிரெகர், நார்த் க்ரோவ்னு வடக்குல மறைஞ்சிருக்கிற ஒரு எடத்தோட ரகசியத்த டங்கன்கிட்ட மட்டும் சொல்லுன்னு, தன் பணியாள் காரெட்கிட்ட சொல்லி அனுப்பறாரு. டங்கன் துரோகின்னா, அந்த ரகசியத்த எதிரிகிட்ட ஏன் விக்கல? என்னைக் கேட்டா அது ஓட்டையே இல்ல. அவரு வீட்ட விக்க வரல, சமாதானம் வாங்கப் போனாரு. எத சொல்லலாம், எத சொல்லக் கூடாதுன்னு அவருக்குள்ள ஒரு கோடு இருந்திருக்கு. அந்தக் கோட்ட யாரும் வாயால சொல்லல, ஆனா அவரு தாண்டல.

துரோகி யாருன்னு தெரிஞ்சதுக்கப்புறம் அவர கொல்றதா விடறதான்னு நம்ம கையில குடுத்துடறாங்க. எங்க கூட்டத்துல அந்த ஒரு தடவைதான் யாருமே கை தூக்கல. டைமர் ஓடுது, கம்ப்யூட்டர்க்காரனே தனியா முடிவெடுத்தான். என்ன எடுத்தான்னு சொல்ல மாட்டேன், அது அவன் விஷயம்.

ரெண்டாவது சீசன் வரும்னு 2015 கடைசியில சொன்னாங்க. வரவே இல்ல. 2018 செப்டம்பர்ல ஸ்டூடியோவே ஆட்டம் கண்டு, ஏறக்குறைய 250 பேர வேலைய விட்டு அனுப்பினாங்க. எவ்வளவோ முடிச்சு அவிழாமலே நின்னு போச்சு. ஆனா துரோகி கதை மட்டும் முழுசா முடிஞ்சிருக்கு, அது நம்ம அதிர்ஷ்டம்.

ஏற்கெனவே ஆடினவங்க ஒண்ணு பண்ணுங்க. இன்னொரு சேவ் போட்டு, சென்டினல் பதவிய மாத்திக் குடுத்து, மூணாவது நாலாவது எபிசோட் ஆலோசனைக் காட்சிய மட்டும் பொறுமையா கேளுங்க. வசனம் பெரும்பாலும் நீங்க முன்னாடி கேட்டதுதான். ஆனா பதவி கிடைக்காதவரு 'இந்த வீட்டுக்காகத்தான் சொல்றேன்'ங்கற மாதிரி பேசற எடத்துல நின்னு கேளுங்க. போன தடவை உங்களுக்கு அது அக்கறையா கேட்டிருக்கும். இந்தத் தடவை எப்படிக் கேக்குதுன்னு பாருங்க. மால்கம் பத்தித் தனியா ஒரு வீடியோ போடறேன், அவரப் பத்திப் பேச நெறைய இருக்கு. வர்றேன் மக்களே.