குருதி சொல்வதும் நாம் படிப்பதும்

பெரியோர்களே, மாணவ மாணவியரே,

வேலூர்க்காரர்களுக்கு எம்.ஆர்.ஐ. என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஸ்கேன் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்காடு சாலையில் நடப்பவர்களை அன்றாடம் பார்க்கிறோம். 1949இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கியதும் இங்கேதான். அந்த எம்.ஆர்.ஐ. கருவியின் குழாய்க்குள் படுத்திருப்பவர் எந்தப் படத்தைப் பார்க்கிறார் என்று வெளியிலிருந்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் கருவி எண்ணத்தைப் பார்ப்பதில்லை, குருதியைப் பார்க்கிறது. மூளையில் உழைக்கும் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த குருதி கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் உள்ள குருதிக்கும் இழந்த குருதிக்கும் காந்தத் தன்மை வேறு. இதைப் படமாக்கலாம் என்று 1990இல் காட்டியவர் செய்ஜி ஒகாவா. அந்தப் பாய்ச்சல் உச்சத்தைத் தொடவே ஐந்தாறு விநாடிகள் ஆகும்.

2008இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஜாக் கேலன்ட் குழுவினர் இருவருக்கு 1,750 படங்களைக் காட்டி, அவர்களது பார்வைப் புறணி, அதாவது கண்ணில் படுவதைக் கையாளும் மூளைப் பகுதி, எதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று கணக்கெடுத்தார்கள். பிறகு 120 புதிய படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூளை எப்படி எதிர்வினை காட்டும் என்று முன்கூட்டியே கணித்து, உண்மையில் வந்த சமிக்ஞையோடு பொருத்திப் பார்த்தார்கள். ஒருவரிடம் நூற்றுக்கு 92, மற்றவரிடம் 72 சரியாக அமைந்தன. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. எனக்கு இன்றும் வியப்பளிக்கும் கணக்கு இது.

2023இல் ஒசாகாவில் தக்காகி, நிஷிமோட்டோ இருவரும் ஒருவர் பார்த்த படத்தை அவரது மூளைச் சமிக்ஞையிலிருந்து மீண்டும் உருவாக்க, படம் வரையும் செயற்கை நுண்ணறிவை இதோடு இணைத்தார்கள். இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நம் ஊர் மணிக்கூண்டை ஒருவர் பார்க்கிறார் என்று வையுங்கள். உயரமான ஏதோ ஒரு கட்டடம் என்ற அளவுக்குத்தான் மூளையின் சமிக்ஞை சொல்லும். செங்கல்லையும் கடிகார முள்ளையும் இட்டு நிரப்புவது, கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய அந்த நிரல். பளிச்சென்ற படத்தில் அவர் பார்த்தது எவ்வளவு, நிரல் வரைந்தது எவ்வளவு என்று பார்வைக்குப் புலப்படாது.

சமிக்ஞை வேறு, அதைப் படிப்பது வேறு. இதற்குச் சான்று நம் ஜவ்வாது மலையிலேயே உண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனுக்குக் குறுக்கே வந்தபோது, அந்த ஒளி இடையில் மங்கியதைக் காவலூர் தொலைநோக்கி பதிவு செய்தது. பதிவில் பிழையில்லை. அதைப் புதிய துணைக்கோள் என்று முதலில் எழுதினார்கள். பிறகுதான் அது யுரேனஸைச் சுற்றியுள்ள வளையம் என்று தெளிவானது. திறமையும் நேர்மையும் உள்ளவர்களுக்கே அப்படி நேர்ந்தது.

ஆகவே மூளைப் படத்தைச் சாட்சியாக்க எவரேனும் முனைந்தால் எனக்கு அச்சம் வருகிறது. ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ வழக்கில், 2010இல், ஒருவரின் சம்மதமின்றி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையை நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காப்பு குருதியோட்டத்தைப் படிக்கும் கருவிக்கும் ஐயமின்றி நீள வேண்டும். இங்கே வந்திருக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் அதைத்தான் கேட்கிறேன்: அந்தத் தீர்ப்பை முழுவதுமாகப் படியுங்கள்.