கன்ட்ரி பாட்டை ரெகேவா மாத்தணுமா? முதல் அடியைத் தூக்குங்க!

[திரையில்: ஜமைக்கா வரைபடம்]

வெஸ்ட் ஜமைக்கான்னு ஒரு மாநிலம் எங்க இருக்கு? மேப்பைத் தொறக்காதீங்க, அப்படி ஒண்ணு கிடையாது. கன்ட்ரின்னா அமெரிக்க கிராமத்துப் பாணி பாட்டு, ரெகேன்னா ஜமைக்காவோட பாணி. 1971-ல ஜான் டென்வர் பாடின 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்'ங்கற கன்ட்ரி பாட்டை டூட்ஸ் அண்ட் த மேட்டல்ஸ்ங்கற ஜமைக்கா குழு ரெகேல பாடினப்போ, வரியில வெஸ்ட் வர்ஜீனியாங்கற அமெரிக்க மாநிலம் இருந்த இடத்துல வெஸ்ட் ஜமைக்கா வந்து உக்காந்துடுச்சு. கூத்து என்னன்னா, ஒரிஜினலை எழுத ஆரம்பிச்ச பில் டானோஃபும் டாஃபி நிவெர்ட்டும் அப்போ வெஸ்ட் வர்ஜீனியாவுக்குப் போனதே இல்ல. பாட்டு முளைச்சது பக்கத்து மாநிலமான மேரிலாந்து ரோட்டுல! அதையே 2014-ல வெஸ்ட் வர்ஜீனியா மாநிலப் பாட்டா ஏத்துக்கிச்சு.

வரலாறு சீக்கிரமா. ஜமைக்காவுல அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸுக்கு ரசிகர் கூட்டம் உண்டு, இன்னொரு கன்ட்ரி பாடகர் ஜானி கேஷுக்கு அங்க வீடே இருந்துச்சு. 2005-ல கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 'கன்ட்ரிமேன்'னு ரெகே ஆல்பம் விட்டாரு. அட்டையில கஞ்சா இலை, வால்மார்ட் கடைகளுக்கு மட்டும் பனை மரம் போட்ட தனி அட்டை. 2011-ல ஜமைக்கா பாடகர்கள் சேர்ந்து 'ரெகேஸ் கான் கன்ட்ரி'ன்னு கன்ட்ரி பாட்டாவே ஒரு முழு ஆல்பம். போதும், ஸ்டூடியோவுக்குள்ள போவோம்.

[திரையில்: 1 2 3 4 கட்டங்கள்]

கன்ட்ரியோட அடிப்படைத் தாளம் 'பூம்-சிக், பூம்-சிக்'. நாலு அடியில 1-லயும் 3-லயும் பேஸ் கிட்டாரும் (கீழ் சுருதி கிட்டார்) கிக்கும் (காலால அடிக்கற பெரிய டிரம்): அதுதான் பூம். 2-லயும் 4-லயும் ஸ்நேரும் (குச்சியால அடிக்கற சின்ன டிரம்) கிட்டார் ஸ்ட்ரம்மும்: அது சிக். இப்போ ரெகேவோட அடிப்படைத் தாளமான ஒன்-டிராப்பைப் பாருங்க. கிட்டாரை வெட்டி அடிக்கற 'சக்' எங்க விழுது? அதே 2, அதே 4! சிக்கும் சக்கும் ஒரே வீட்டுலதான் குடியிருக்கு. 1-ல இருக்கிற பூமைத் தூக்கிட்டு, 3-ல கிக்கையும் ஸ்நேர் ரிம்மையும் (விளிம்பு) சேர்த்து அடிச்சா பாதி வேலை முடிஞ்சது. பாட்டோட வேகத்தைத் தொடவே வேண்டாம். எனக்கு இதுல பிடிச்சதே இதுதான்.

கச்சேரி கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆதி தாளத்துல சமத்துல கை தட்டறீங்க, ஆனா பாட்டு சில சமயம் சமம் தாண்டித்தான் எடுக்கும் இல்லையா? அந்த முதல் தட்டு மனசுக்குள்ள விழும், பாட்டுல விழாது. ஒன்-டிராப்ல டிரம்மரே அதைச் செய்யறாரு. 1 காலி. கேக்கறவன் உடம்புதான் அதை நிரப்பிக்கணும்.

இங்கதான் பாடகர் மாட்டுவாரு. கன்ட்ரி பாடிப் பழகினவருக்கு 1-ல கிக் கேக்கலன்னா, வரி அரை அடி முன்னாடியே வந்துடும். இதுக்கு ஒரு துணை: ரெகே பாட்டு பல சமயம் ஒரு டிரம் உருட்டலோட ஆரம்பிக்குது. உருட்டல் முடியற இடம் 1. ரெக்கார்டிங்ல பாடகரோட ஹெட்போனுக்கு மட்டும் ஹை-ஹாட்டை (டிரம்மோட ஜோடித் தாளத் தட்டு) கொஞ்சம் தூக்கி விடுங்க, சரியாயிடும்.

கிட்டார்ல மேல் மூணு நாலு கம்பி போதும். அடிச்ச உடனே இடது கையைத் தளர்த்தணும், கம்பியை விட்டு எடுக்கக் கூடாது. கார்டு (சேர்ந்து ஒலிக்கற ஸ்வரங்கள்) நீண்டா சக், 'சங்ங்'னு ஆகி பேஸோட மோதும். அகூஸ்டிக் கிட்டாரை முழுசா ஸ்ட்ரம் பண்றவரை டீ குடிக்க அனுப்பிடுங்க, காலியா விட்ட இடத்தையெல்லாம் அவர்தான் அடைப்பாரு. பேஸ், ரூட் (கார்டோட அடி ஸ்வரம்), அஞ்சாவது ஸ்வரம்னு மாறி மாறி போறதை விட்டுட்டு, தனி மெட்டா நடக்கணும். ஃபிளாட்வவுண்ட் கம்பி (தட்டையா சுத்தினது), டோன் குமிழ் மூடி, உள்ளங்கையால லேசா அமுக்கி, கழுத்துப் பக்கமா கட்டைவிரல்ல வாசிச்சா அந்த உருண்டை சத்தம் வரும்.

பெடல் ஸ்டீலை (படுக்க வச்சு வாசிக்கற, கன்ட்ரிக்கே உரிய இழுவை கிட்டார்) விடவும் மனசு வராது, வச்சாலும் தொல்லை. 10 கம்பி, வால்யூம் பெடல் வேற. ஒரு ஸ்வரத்தை இழுத்தா ரெண்டு மூணு சக் அதுக்குள்ள மூழ்கிடும். வரி முடியற இடத்துல மட்டும் வாசிக்க விடுங்க. எக்கோ போட்டா கணக்குப் பண்ணிப் போடுங்க: 60,000-ஐ பிபிஎம்மால (நிமிஷத்துக்கு எத்தனை அடி) வகுக்கணும். 150 பிபிஎம்னா 400 மில்லிசெகண்ட், ஒன்றரை அடிக்கு 600. கணக்கு தப்பினா எக்கோ தாளத்தோட ஒட்டாம எங்கேயாவது வந்து விழும், பட்ட பாடு அவ்வளவும் வீண்.

வால்ட்ஸ் பாட்டுங்களுக்கு மூணு அடி. நாலாக்க, ஒவ்வொரு மூணு அடியிலயும் ஒரு எழுத்தை இன்னொரு அடி இழுக்கணும். 'டென்னிசி வால்ட்ஸ்' மாதிரி பேர்லயே வால்ட்ஸ் இருந்தா? அப்புறம் அது என்ன வால்ட்ஸ்!

ரிலீஸுக்கு முன்னாடி உரிமம். ஏற்கெனவே வெளியான பாட்டை உங்க பாணிக்கு ஏத்த மாதிரி அமைச்சுக்க அமெரிக்காவுல கட்டாய உரிமம் இருக்கு. 2023-ல 5 நிமிஷத்துக்குள்ள இருக்கற பாட்டுக்கு, ஒரு பிரதிக்கு 12 சென்ட்டா இருந்துச்சு. அடிப்படை மெட்டையும் பாட்டோட அடிப்படைத் தன்மையையும் மாத்தக் கூடாது. வரியிலயே கை வைக்கறதா இருந்தா முதல்ல உரிமையாளர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. உங்க ஊர் பேரை வச்சு இன்னொரு வெஸ்ட் ஜமைக்கா பண்ண ஆசைப்படறவங்க, எந்தப் பாட்டுல எந்த ஊர்னு கமெண்ட்ல போடுங்க!