சிரங்கு வந்தால் ஏன் இவ்வளவு அரிக்கிறது? வெள்ளை அணுக்கள் என்ன செய்கின்றன?

அடுத்த கேள்வி, ஒரு தாயார் கேட்டிருக்கிறார். "என் மகனுக்கு ஸ்கேபீஸ், அதாவது சிரங்கு, என்று டாக்டர் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் (ஒருவகை வெள்ளை அணு) கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. பூச்சி ரத்தத்துக்குள் போய்விட்டதா? வெள்ளை அணுக்கள் அதை ஏன் கொல்லவில்லை?"

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன் அம்மா. சிரங்கை உண்டாக்கும் பூச்சி ரத்தத்துக்குள் போகவில்லை, போகவும் போகாது. அது குடியிருப்பது தோலின் ஆக மேலடுக்கில். அங்கே இருப்பதெல்லாம் இறந்துபோன செல்கள்தான், ரத்த ஓட்டமே கிடையாது. பெண் பூச்சி அந்த அடுக்குக்குள் வளை தோண்டிக்கொண்டே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடுகிறது. வெள்ளை அணுக்களுக்கு அது எளிதில் அகப்படாததற்கு முதல் காரணம் இந்த இடம்தான்.

இரண்டாவது காரணம் அளவு. பாக்டீரியா நுழைந்தால் நியூட்ரோபில் என்கிற வெள்ளை அணு அதை அப்படியே விழுங்கிவிடும். பாக்டீரியா பெரும்பாலும் ஓரிரு மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம், நியூட்ரோபில் சுமார் 12 மைக்ரான். ஆனால் இந்தப் பூச்சி 300, 400 மைக்ரான் இருக்கும். தன்னைவிட முப்பது மடங்கு நீளமான ஒன்றை ஒரு செல் எப்படி விழுங்கும்?

இங்கேதான் ஈசினோபில் வருகிறது. இது விழுங்குவதை நம்பி இருக்கும் அணு அல்ல. தனக்குள் துகள் துகளாக நச்சுப் புரதங்களைச் சேர்த்து வைத்திருக்கும். ஒட்டுண்ணியைச் சூழ்ந்து நின்று அதன் மேல் அவற்றைக் கொட்டும். தோல் வழியாகத் துளைத்துக்கொண்டு போகும் புழுக்களின் குஞ்சுகள் மீது இந்த முறை ஓரளவு பலிக்கிறது. சிரங்குப் பூச்சியோ மேலே இருக்கிறது, ஈசினோபில்கள் கீழே இருக்கின்றன. கொட்டிய நச்சில் பெரும்பகுதி நம்முடைய சதையைத்தான் புண்ணாக்குகிறது.

சரி, உள்ளே வராத பூச்சியை உடம்பு எப்படித் தெரிந்துகொள்கிறது? பூச்சியின் எச்சில், கழிவு, முட்டை ஓடு இவற்றிலுள்ள புரதங்கள் கீழே கசிகின்றன. தோலில் காவலுக்கு இருக்கும் செல்கள் அந்தப் புரதத்தை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப்போய் டி செல்கள் என்கிற வெள்ளை அணுக்களிடம் காட்டுகின்றன. டி செல்கள் ஈசினோபில்களைப் பெருக்கச் சொல்லிச் சமிக்ஞை விடுகின்றன. பி செல்கள் என்கிற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஐஜிஇ என்கிற எதிர்ப்புரதத்தைத் தயாரிக்கின்றன. அது தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் என்கிற எதிர்ப்பு செல்கள் மேல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பூச்சியின் புரதம் பட்டதும் மாஸ்ட் செல் ஹிஸ்டமின் என்கிற வேதிப்பொருளை வெளியே விடும். அரிப்புக்கு அது ஒரு காரணம். டி செல்கள் கிளப்பும் அழற்சி இன்னொரு காரணம். அதனால்தான் ஹிஸ்டமினைத் தடுக்கும் அலர்ஜி மாத்திரை மட்டும் போட்டால் அரிப்பு முழுசாக அடங்குவதில்லை.

ஆகவே, அரிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் நம் வெள்ளை அணுக்கள்தான். முதல் தடவை தொற்றும்போது அவை பூச்சியின் புரதத்தை அடையாளம் கண்டுகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை அரிப்பே தெரியாது, ஆனால் அடுத்தவருக்குப் பரவும். இரண்டாம் தடவை தொற்றினால் சில நாளிலேயே அரிக்கும். சாதாரண சிரங்கில் உடம்பு முழுக்கத் தேடினாலும் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வரும் பொருக்குச் சிரங்கிலோ ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் கூட இருக்கும். ஆனால் அவர்களில் சிலருக்கு அரிப்பு குறைவாகவே இருக்கும். அரிப்பின் அளவை வைத்துப் பூச்சியைக் கணக்குப் போடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஈசினோபில் 500 வரை இயல்பு. சிரங்கில் அது கொஞ்சம் ஏறலாம், பலருக்கு ஏறுவதே இல்லை. ஆஸ்துமா, அலர்ஜி, குடல்புழு, சில மருந்துகள் என்று ஏற வேறு காரணங்களும் உண்டு. அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் வளையைப் பார்ப்பதுதான் டாக்டருக்கு உதவும்.

தயவுசெய்து கடையில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கித் தடவாதீர்கள். அது வெள்ளை அணுக்களை அடக்குவதால் அரிப்பு குறைந்தமாதிரி இருக்கும், பூச்சி பாட்டுக்குப் பெருகிக்கொண்டே போகும். சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால் பாக்டீரியா நுழைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே காட்டுங்கள்.

டாக்டர் தந்த பூச்சு மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும், அரிக்காதவர்களும்தான். அவர் சொன்ன நாளில் மறுபடியும் போட வேண்டும். பூச்சி செத்த பிறகும் அதன் மிச்சம் தோலில் இருக்கும்வரை வெள்ளை அணுக்கள் ஓயாது. இரண்டு முதல் நாலு வாரம் அரிப்பு நீடிக்கலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள். நாலு வாரம் தாண்டியும் அரித்தாலோ, புதிதாக வளை தெரிந்தாலோ மகனைத் திரும்ப அழைத்துப் போய்க் காட்டுங்கள்.