ஸ்பானிய மொழியில் கோபப்படுவது எப்படி?

[திரையில்: என்ஃபாதாதோ, எனோஹாதோ]

கோபமாக இருப்பதைச் சொல்ல ஸ்பானியப் பாடநூல்கள் தரும் சொற்கள் ஸ்பெயினில் 'என்ஃபாதாதோ', லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் 'எனோஹாதோ'. கோபப்படுபவர் பெண்ணானால் ஈற்றிலுள்ள 'தோ' 'தா' ஆகும். இவற்றை யாரிடமும் தயங்காமல் சொல்லலாம். நண்பர்களுக்குள் பேசும்போது புழங்கும் சொற்களோ வேறு.

ஸ்பெயினில் அடிக்கடி காதில் விழுவது 'கப்ரேயாதோ'. வெள்ளாட்டைக் குறிக்கும் 'கப்ரா'விலிருந்து வந்த இச்சொல் சற்று முரட்டுத்தனமானது என்பதால், மேலதிகாரியிடம் சொல்லாமல் இருப்பது நல்லது. ஈயைக் குறிக்கும் 'மோஸ்கா'விலிருந்து வந்த 'மொஸ்கேயாதோ' இன்னும் நுட்பமானது: நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் அதுவரை கிசுகிசுத்துக்கொண்டிருந்த இருவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டால், உங்களுக்கு எழும் சந்தேகம் கலந்த எரிச்சலுக்கு அதுவே பெயர்.

[திரையில்: எஸ்தோய் அஸ்தா லாஸ் நாரீசெஸ்]

'மூக்கு வரை வந்துவிட்டேன்' என்பது இதன் நேர்ப்பொருள். பொறுத்துப் பொறுத்து அலுத்துப்போனவர் சொல்வது. நமக்கும் கோபம் மூக்குக்கு மேல்தான் வருகிறது என்பதால் இதை மறப்பது கடினம்.

அட்லாண்டிக்கைக் கடந்தால் கோபம் சமையலறைக்குள் நுழைந்துவிடுகிறது. மெக்சிகோவில் மிளகாயைக் கடித்து வாய் எரிந்து கண்ணீர் வடிப்பவரைக் குறிக்கும் 'என்ச்சிலாதோ', கோபத்தில் கொதிப்பவருக்கும் பொருந்துகிறது. புவேர்த்தோ ரிக்கோவின் 'என்ஃபொகோனாதோ'வுக்குள் 'ஃபொகோன்' என்ற அடுப்பு இருக்கிறது. பெருவில் எரிச்சலடைந்தவர் 'அசாதோ', அதாவது தீயில் வாட்டப்பட்டவர். அர்ஜென்டினாவில் அதே சொல் நண்பர்கள் கூடி உண்ணும் சுட்ட இறைச்சி விருந்து.

இங்கேதான் கவனம் தேவை. அர்ஜென்டினாக்காரர் கோபத்தில் 'எஸ்தோய் கலியெந்தே', அதாவது சூடாக இருக்கிறேன் என்பார். அதையே நீங்கள் மாட்ரிடில் சொன்னால் காம வேட்கையைச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள். 'அர்ரேச்சோ' அதைவிட வம்பு பிடித்த சொல்: வெனிசுவேலாவில் கடுங்கோபத்தையும், பெருவில் காமத்தையும், கொலம்பியாவின் சாந்தாந்தேர் பகுதியில் துணிச்சலையும் குறிக்கும் அதை, ஊரறியாமல் வாயில் எடுக்கவே கூடாது.

[திரையில்: மே தா ராபியா]

புதிதாகக் கற்பவருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். 'அது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது' என்ற இந்த அமைப்பில் கோபப்படுபவர் எழுவாயாக இல்லை. 'எனக்குக் கோபம் வருகிறது' என்று நான்காம் வேற்றுமையில் பேசிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும். தடுமாற்றம் வருவது அடுத்த வினைச்சொல்லில்தான். 'நீ தாமதமாக வருவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது' என்பதற்கு 'மே தா ராபியா கே யேகெஸ் தார்தே' என்று சொல்ல வேண்டும். வழக்கமான 'யேகாஸ்' இங்கே வராது, ஏனெனில் உணர்ச்சியைச் சொல்லும் தொடருக்குப் பின்வரும் வினை தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது.